ஒரு தலையாட்டல்

ஐயர் அவர் காதில் என்ன சொன்னார்? கோயிலுக்குள் வந்து உட்கார்ந்து, முதல் பாட்டுக்கு எழுந்து நின்று, பாட்டு முடிந்து மறுபடி உட்கார்ந்த பிறகும் எப்சிபாவின் மனசு வாசற்படியை விட்டு உள்ளே வரவில்லை. செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் ஞானசிகாமணி சார் குனிந்து செருப்பைக் கழற்றி நிமிர்கிறார். வெள்ளை அங்கியில் நிற்கிற கனகராஜ் ஐயர் அவர் கையைப் பிடிக்கிறார். பிடித்த கையை விடாமல் குரோட்டன்ஸ் தொட்டி ஓரமாகக் கூட்டிப்போய்க் காதோடு காதாக ஏதோ சொல்கிறார். அந்தச் சீமையில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஐயர் மாற்றலாகி வந்து இன்னும் ஒரு கிறிஸ்துமஸ்கூட ஆகவில்லை, ஆனாலும் நல்ல மனுஷன் என்று பெயரெடுத்துவிட்டார், யாருக்கு எது கஷ்டம் என்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு சார் தலையை ஆட்டினார். லேசாகச் சிரித்தார்கூட. பிறகு ஆண்கள் பக்கம் போய்த் தூணை ஒட்டி உட்கார்ந்துவிட்டார், சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி. அவர் தலையாட்டியதுதான் எப்சிபாவுக்குப் பயமாக இருந்தது. ஒரு தலையாட்டல் என்னவெல்லாம் செய்யும் என்று அந்தக் கோயிலில் அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. முக்காட்டை இழுத்து, முந்தானையின் மிச்சத்தை மடியில் விரித்து, அதற்கடியில் இரண்டு கைகளையும் ஒளித்து வைத்துக்கொண்டு அவள் பீடத்தைப் பார்த்தாள்.

பாவ அறிக்கைக்கு எல்லோரும் முழங்காலிட்டார்கள். எப்சிபா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, முன் பெஞ்சின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து பார்த்தால் முழங்காலிட்ட மாதிரியே இருக்கும், இந்த வித்தையெல்லாம் அவளுக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு. சபை ஒரே குரலில் முணுமுணுத்தது. நினைவால் செய்தது, சொல்லால் செய்தது, செயலால் செய்தது. அவளும் கூடவே முணுமுணுத்தாள், வழக்கம்போல அந்த மூன்றில் வந்து தட்டி நின்றாள். தலையாட்டியது எதில் சேரும்? சொல் என்றால் அவள் வாயைத் திறக்கவே இல்லை. செயல் என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது, தாடை கொஞ்சம் கீழே போய் மேலே வந்தது, அவ்வளவுதான். நினைவா என்றால், சத்தியமாக அந்த நேரத்தில் அவளுக்கு நினைவென்றே ஒன்று இல்லை, பயம்தான் இருந்தது. அன்றைக்குச் செல்வினின் மருந்துக்கடையில் மத்தியான வெயில் கண்ணாடி அலமாரியில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. டாக்டர் சீட்டில் தன் பெயர் இருக்கிறதே என்று, மருந்தின் பெயரை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோயிருக்கிறாள். செல்வின் தாளைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான், மறுபடி தாளைப் பார்க்கிறான், பிறகு குரலைத் தாழ்த்துகிறான். குரலைத் தாழ்த்தாமல் கேட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மருந்துக்கடையில் ஒருவன் குரலைத் தாழ்த்தினால் நிற்கிற அத்தனை பேருக்கும் காது முயல்காதாகிவிடும். பக்கத்தில் டெட்டால் வாங்கிக்கொண்டிருந்த லில்லிபுஷ்பம் டீச்சருக்கு ஏற்கெனவே அந்தக் காதுதான். “இது குடிய நிறுத்தக் குடுக்குற மாத்திரையில்லா, சாருக்கா, அக்கா?” என்று செல்வின் கேட்டான். இல்லை என்றால் பின்னே யாருக்கு என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு என்றால் எதுக்கு என்று வரும். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லக்கூடாது, உயிர் போனாலும் சொல்லக்கூடாது, என்று நினைத்தாளோ, நினைக்கவேயில்லையோ, தாடை கீழே போய் மேலே வந்தது. ஆமென் என்றது சபை. அவளும் ஆமென் என்றாள்.

எதுக்கு என்றால், சரவாங்கி என்கிற மூட்டுவாதத்துக்கு. விரல் கணுவெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் கை கட்டைமாதிரி விறைத்து, அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி பிடிக்க முடியாமல் அழுது, அப்புறம்தான் பாளையங்கோட்டைக்குப் போனது. அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. அம்மா, ஒங்க ஒடம்புக்குத் தன்னாளு யாரு, வேத்தாளு யாருன்னு அடையாளம் தெரியாமப் போச்சு, தன் மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிக்குது என்று படம் போட்டுக் காட்டினார். மாத்திரைகள் வந்தன. ஒன்று மலேரியாக் காய்ச்சலுக்குக் கண்டுபிடித்ததாம். ஒன்று புற்றுநோய்க்குக் கொடுக்கிறதாம், வாரத்தில் ஒருநாள் மட்டும் கொஞ்சமாக. அதுவும் போதாமல் வலி நீடித்தபோது, டாக்டரம்மா தயங்கித் தயங்கி, இன்னொன்று இருக்கு, குடிகாரர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை, அதில் ரொம்பத் துளியூண்டு எடுத்தால் சிலருக்கு வலி குறைகிறது என்கிறார்கள், எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்லமாட்டேன், இதை நம்பி மற்றதை நிறுத்தவும் கூடாது, வேணுமானால் பார்க்கலாம் என்றார். மலேரியா இல்லை, புற்று இல்லை, குடி இல்லை, மூன்று சீக்குக்காரர்களின் மாத்திரையும் எப்சிபாவின் டப்பாவில். இது போக மஸ்கட்டிலிருந்து தம்பி அனுப்பிய மீன் எண்ணெய் உருண்டை, மஞ்சளும் மிளகும் அடைத்த குப்பி, செல்போனில் யாரோ ஒருவர் கண்ணீர் மல்கச் சொன்ன இஞ்சிச் சாறு. கேட்கிறதோ இல்லையோ, எல்லாவற்றையும் விழுங்கினாள். முடக்கறுத்தான் கீரை ஒன்றைத்தான் விட்டாள். கீரைக்காரி எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி, முடக்கறுத்தானா, யாருக்கு மூட்டு, என்று கேட்பாள். கேட்டால் தெரிந்துபோகும். தெரிந்துபோனால் பெயர் வந்துவிடும். அவள் பெரியம்மாவுக்கு வந்தது. பெரியம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் சாராள். செத்து அடக்கம் பண்ணுகிற அன்றைக்குக்கூட, யார் செத்துட்டா என்றால், நண்டுக்கைக்காரி என்றுதான் சொன்னார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்சிபாவும் அந்தக் கையைச் செய்துகாட்டிச் சிரித்திருக்கிறாள். விரலை மடக்கி, பக்கவாட்டில் வளைத்து, அப்படியே நண்டு நடக்கிற மாதிரி பெஞ்சின்மேல். இப்போது மடக்க வேண்டிய அவசியமே இல்லை. முந்தானைக்கடியில் அது தானாகவே அப்படித்தான் கிடந்தது.

பிரசங்கம் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறி ஒன்று டொக் டொக் என்று எண்ணெய் கேட்டது. அவள் கண் தூணோரம் போனது. அந்தச் சலவைச் சட்டையின் முதுகு. அவர்தான் அவளுக்கு மருந்து கலக்குவார். முழு மாத்திரையைப் போட்டால் அது குடிகாரர் அளவு. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, ஊசி போடும் குழாயால் துளியூண்டு உறிஞ்சிக் கொடுக்கவேண்டும். அந்தக் குழாயை அமுக்க அவள் விரலுக்குத் தெம்பு கிடையாது. சார் கணக்கு வாத்தியார். கண்ணுக்கு நேரே குழாயைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, கோட்டுக்கும் தண்ணீருக்கும் முடி அளவு வித்தியாசம் இருந்தால்கூட விடமாட்டார். தள்ளிவிட்டு மறுபடி உறிஞ்சுவார். ஆரம்பத்தில் படுக்கப்போகும் முன் டம்ளரை நீட்டிக்கொண்டு, ஏ எப்சி, ஒனக்கு சரக்கு ரெடி என்பார். அவளும் சிரிப்பாள், நண்டுக்கை இரண்டாலும் டம்ளரைத் தாங்கிக் குடித்துவிட்டு, குடிகாரி மாதிரி வாயைத் துடைத்துக் காட்டுவாள். இப்போதெல்லாம் அந்தக் கேலி இல்லை. எப்போது நின்றது என்றும் தெரியவில்லை, எந்தக் கேலியும் சொல்லச் சொல்லப் புளித்துத்தானே போகும். முதல்தடவை சாருக்குப் பரீட்சை மேற்பார்வை இருந்ததால்தான் அவள் கடைக்குப் போகவேண்டி வந்தது. அதற்கப்புறம் எல்லாத் தடவையும் அவரே போனார். கையை வீசிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டு, நேரே செல்வினிடம் போய் அந்த மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார். இது யாருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஏனென்றால் அவள்தான் சத்தியம் வாங்கியிருந்தாள், என் சீக்கு நம்ம வீட்டுக் கதவைத் தாண்டக்கூடாது என்று. சத்தியத்தைக் காப்பாற்றுகிற மனுஷன். ஊருக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும், குடிகாரனே வந்து தன் மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறான். ஒருநாள் சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே, செல்வின் நமக்காக ஜெபம் பண்ணுதானாம், நல்ல பய, என்றார். அவள் அரிசியில் கல் பொறுக்குகிற பாவனையில் குனிந்துகொண்டாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்ததால் சொல்ல மனசு வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. அதை அவள் கடவுளிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊர் அவளை நன்றாக வைத்துக்கொண்டது. குடிகாரன் பெண்டாட்டி என்று ஆனதும் சபைப் பெண்களுக்கு அவள்மேல் ஒரு பிரியம் வந்தது. லில்லிபுஷ்பம் டீச்சர் சாளை மீன் குழம்பு கொண்டுவந்து கொடுப்பாள், அதுவரை ஒரு கறிவேப்பிலை இணுக்குக் கொடுக்காதவள். ஐக்கியக் கூட்டத்தில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளைத் தடவுவார்கள். நண்டுக்கைக்காரியாக இருந்தால் தள்ளி உட்காருவார்கள், சீக்கு ஒட்டிக்கொள்ளும் என்று. பாவப்பட்டவளாக இருந்தால் ஒட்டி உட்காருகிறார்கள். அந்தச் சூடு அவளுக்கு வேண்டியிருந்தது, எப்சிபா அதை வாங்கிக்கொண்டாள், சாளைக் குழம்பையும் வாங்கிக்கொண்டாள், நன்றாகவும் இருந்தது. மணிக்கட்டு வீங்கித் துணி சுற்றியிருந்த ஒருநாள், டீச்சர் கையைப் பார்த்துவிட்டு, இதென்ன எப்சி என்றாள். வாசல் நிலையில இடிச்சுக்கிட்டேன் என்றாள் இவள். இந்தப் பொய்யை ஆண்டாண்டாகச் சொல்லிச் சொல்லிப் பெண்கள் தேய்த்து வைத்திருக்கிறார்கள் என்பது சொன்னபிறகுதான் உறைத்தது. டீச்சர் இன்னொருத்தியைப் பார்த்தாள். இன்னொருத்தி மேலே மோட்டைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கி அவள் நொண்டியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை என்பதுபோல. ஆக, ஒரு தலையாட்டலில் குடிகாரனாக்கியவரை ஒரு வாசல்நிலையைச் சொல்லிப் பெண்டாட்டியை அடிப்பவனாகவும் ஆக்கியாயிற்று. யாரை? காலையில் விரல் விறைத்துக் கிடக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரைப் பாத்திரத்தில் கொண்டுவந்து, அவள் கையை அதற்குள் வைத்து, ஒவ்வொரு விரலாக நீவி, இப்ப மடக்கு, இப்ப நீட்டு என்று சொல்லுகிறவரை. தன்னாள் யார், வேற்றாள் யார் என்று தெரியாமல் போனது உடம்புக்கு மட்டும்தானா? இப்படி நினைத்தபோது அவளுக்கு முகம் முழுக்கக் கொதித்தது, முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அறிவிப்புகள் வாசித்தார்கள். வாலிபர் கூட்டம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது, பிறகு அவள் பயந்துகொண்டிருந்தது. ஓய்வுநாள் பாடசாலைப் பொறுப்பைப் போன மாதத்திலிருந்து வேறு ஒரு தம்பி ஏற்று நடத்துகிறார், இத்தனை காலம் உழைத்த ஞானசிகாமணி சாருக்குச் சபை நன்றி சொல்கிறது. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். சார் எழுந்து அரைக் கும்பிடு போட்டு உட்கார்ந்தார். கமிட்டியார் வீட்டுக்கு வந்து, சார் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே என்று இழுத்தபோதும் அவர், இளசுக வரட்டும், நல்லதுதானே என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்காக வைத்திருந்த படச் சுருள்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, நூல் கட்டி அனுப்பினார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்து வேலையில்லாமல் கொல்லையில் நடந்துகொண்டிருப்பார். அவர் வெகுளி, ஒன்றும் விளங்கவில்லை, விளங்காதவரை நல்லது என்று அவள் நம்பினாள். ஐயர் வீடு சந்திக்க வந்தபோதும் அப்படித்தான் நம்பினாள். ஐயர் சார் தலையில் கையை வைத்து, இந்தக் கட்டுகளை அறுத்துப் போடும் ஆண்டவரே என்று கண்ணீரோடு ஜெபித்தார். சார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. ஐயர் கண்ணைத் திறந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தார், ஐயோ பாவம், பயந்து நடுங்குகிறாள் என்று அவர் நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஐயரே, இது பயமில்லை, கையில் பிடி இல்லை. அன்றைக்குச் சொல்லவேண்டிய வார்த்தை இதுதான், இப்போது கோயிலில் உட்கார்ந்து யோசிக்கும்போது எவ்வளவு லேசாக வருகிறது. சொல்லலாம். ஆராதனை முடிந்ததும் சொல்லலாம். வாசலில் ஐயர் கைகொடுக்க நிற்பார், அப்போது. இல்லை, அப்போது பின்னால் டீச்சர் நிற்பாள். நாளைக்கு, மேடை என்று சொல்கிற ஐயர் வீட்டுக்குப் போய். நாளைக்கு ஐயர் வட்டக் கூட்டத்துக்குப் போய்விட்டால்? இப்படி எத்தனையோ நாளைகள் அவள் கைவிரல் இடுக்கு வழியே ஒழுகிப் போயிருந்தன.

திருவிருந்துக்கு அழைத்தார்கள். பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக எழுந்து நடந்தார்கள். பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி, அதன் நீளத்துக்கு மெத்தை. ஆண்கள் அந்த ஓரத்திலிருந்தும் பெண்கள் இந்த ஓரத்திலிருந்தும் வந்து முழங்காலிட, நடுவில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். அந்த ஆண் எப்போதும் ஞானசிகாமணி சார்தான், அந்தப் பெண் எப்சிபாதான். அவர் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, கணக்குப் போட்டு, சரியாக அவள் பக்கத்தில் வந்து சேருவார். முழங்காலிட்டவள் எழுந்திருக்க ஒரு பிடி வேண்டும். அவர் எழும்போது முழங்கையை லேசாக மடக்கி விடுவார், அவள் முந்தானைக்குள்ளிருந்தே அதைப் பற்றிக்கொண்டு எழுவாள், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்பத்தையும் மற்றவர்கள் போலக் கையேந்தி வாங்கமாட்டாள், வாயைத் திறப்பாள், அந்தக் காலத்துப் பக்தி என்று அதற்கு ஒரு பாராட்டும் கிடைத்திருந்தது. இன்றைக்கும் அவர் வந்து சேர்ந்தார். பாடகர் குழு மெதுவாகப் பாடியது. திராட்சை ரசத்தின் வாசனை வந்தது. அந்தச் சபையில் ரசம் கடையில் வாங்குவதில்லை, திராட்சையைப் பிழிந்து, சீனியும் கோதுமையும் போட்டு ஜாடியில் ஊறவைத்து இறக்குவது, நல்ல காரமாக இருக்கும். ஐயர் அப்பத்தோடு வந்தார். சார் கையேந்தி வாங்கினார். எப்சிபா வாயைத் திறந்தாள். மாவுச் சில்லு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஐயர் அந்த ஓரத்திலிருந்து கிண்ணத்தோடு வந்தார். ஒருவர் குடிப்பார், ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைப்பார், அடுத்தவர். சாருக்கு முந்தியவர் குடித்தார். துணி விளிம்பைச் சுற்றியது. சார் தலையைக் குனிந்துகொண்டார். கிண்ணம் தனக்கு வருமுன்னே, நெற்றி கிராதியில் படும்படி குனிந்துகொண்டார். ஐயர் அவர் தலையில் ஒரு கையை வைத்து எடுத்துவிட்டு, அவரைத் தாண்டி எப்சிபாவிடம் வந்தார். அவ்வளவு பதவிசாக நடந்தது, பின்னால் இருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவளுக்கு எல்லாம் தெரிந்தது. குரோட்டன்ஸ் தொட்டிப் பக்கம் ஐயர் சொன்னது இதைத்தான். சார், இன்னைக்கு அப்பம் மட்டும் எடுத்துக்கிடுங்க, ஒரு சொட்டு போதும், மறுபடி இழுத்துவிட்டிரும், கிண்ணம் வரும்போது தலையக் குனிஞ்சுக்கிடுங்க. இதற்குத்தான் அவர் தலையாட்டினார். இதற்குத்தான் சிரித்தார். அப்படியானால் ஊர் தன்னை என்ன சொல்கிறது என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா? இன்றைக்குத் தெரிந்தவருக்கு இவ்வளவு சாந்தமாகக் குனிய வருமா? சரக்கு ரெடி என்ற கேலி எப்போது நின்றது? செல்வின் ஜெபம் பண்ணுகிறான் என்று சொன்ன அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை. நமக்காக என்றார். எனக்காக என்று சொல்லவில்லை, உனக்காக என்றும் சொல்லவில்லை, குழாயில் முடி அளவு கூடினாலும் விடாத மனுஷன் வார்த்தையை அளந்துதான் போட்டிருக்கிறார். படச் சுருள்களுக்கு நூல் கட்டியபோது தெரியும். ஐயர் தலையில் கைவைத்து அழுதபோது தெரியும். சாளைக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டு, டீச்சர் நல்லா வைக்கா என்றபோதும் தெரியும். அவர் வெகுளி என்று அவள் நம்பியது அவளுக்குச் சௌகரியமாக இருந்ததால்தான். வெட்கம் இப்போது முகத்தில் இல்லை, காலிலிருந்து ஏறியது, மெத்தையில் ஊன்றிய முழங்காலே கூசியது. கிண்ணம் அவள் உதட்டருகே வந்து நின்றது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஐயர் காத்திருந்தார். அப்போது பக்கத்திலிருந்து, குனிந்த தலையை நிமிர்த்தாமலே, காப்பி ஆறிப்போகுதே என்று சொல்கிற அதே குரலில் அவர் சொன்னார்.

“குடி, எப்சி.”

ஊர் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. அதை எடுத்து அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டார். எப்சிபா முந்தானையை விலக்கினாள். இரண்டு கைகளையும் வெளியே எடுத்தாள். வீங்கிய கணுக்களும் பக்கவாட்டில் சரிந்த விரல்களும் சன்னல் வெளிச்சத்தில் கிராதிக்கு மேலே வந்தன, அவளுக்கு மறுபக்கம் முழங்காலிட்டிருந்த லில்லிபுஷ்பம் டீச்சர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அந்தக் கோயிலில் யாரும் கிண்ணத்தைத் தொடுவதில்லை. அவள் அதை ஐயர் கையிலிருந்து வாங்கினாள். வாங்கினாள் என்பதைவிட, இரண்டு நண்டுகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். ஐயர் திகைத்துப்போய் விட்டுவிட்டார்.

“ஐயரே, அந்த மாத்திர எனக்குள்ளது. இந்தக் கைக்கு. அவிய குடிக்கமாட்டாவ, என்ன அடிச்சதும் இல்ல. கடையில கேட்டப்ப நான்தான் தலைய ஆட்டிட்டேன்.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பாடகர் குழு ஒரு சரணம் முடித்து அடுத்த சரணத்துக்கு மூச்சு வாங்கிய நேரம் அது. பின்னால் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் யாரையும் பார்க்காமல் அவர் பக்கம் திரும்பினாள். குடிங்க என்றாள். சார் நிமிர்ந்தார். கிண்ணம் அவள் கையில் தாறுமாறாக ஆடியது, ரசம் தளும்பிச் சலவைச் சட்டையின் பையில் கொட்டியது. அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. மருந்துக் குழாயைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, அவள் விரல்களையே பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை அவள் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கி, ஒரு வாய் குடித்தார். அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தார். ஐயர் கிண்ணத்தைத் திரும்ப வாங்கினார், விளிம்பைத் துடைக்க மறந்துபோய் அப்படியே நின்றார். அடுத்த வரிசைக்காரர்கள் பின்னால் வந்து காத்திருந்தார்கள். சார் எழுந்து, சட்டையெல்லாம் ரசமாக, ரச வாசனையோடு, எப்போதும் போல முழங்கையை மடக்கிவிட்டார். அவள் முழங்கையைப் பிடிக்கவில்லை. கையை நீட்டினாள். அவர் அந்தக் கோணல் விரல்களை, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் வலிக்கும் என்று தெரிந்தவராக, பார்த்துப் பார்த்துப் பிடித்தார். முழங்கால் நிமிர மறுத்தது. முதல் தடவை முடியவில்லை. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.